456 மெகாவாட், ஏழு நொடி: தெற்கு ஆஸ்திரேலியா இருண்ட மாலையும் அதற்குப் பிறகும்

2016 செப்டம்பர் 28, புதன்கிழமை, மாலை 4 மணி 18 நிமிடம். அடிலெய்டு நகரில் ஆபீஸ் விடப்போகும் நேரம், வெளியே பேய்மழை. சாலை சிக்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. டிராம்கள் போன இடத்திலேயே நின்றன. லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும், 17 லட்சம் மக்களுக்கும், ஏறத்தாழ 8.5 லட்சம் இணைப்புகளுக்கும் கரண்ட் போய்விட்டது.

மறுநாளே பிரதமர் மால்கம் டர்ன்புல், சில மாநிலங்கள் வைத்திருக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்குகளைக் குறை சொன்னார். "காற்றாலையை நம்பினால் இப்படித்தான்" என்ற பேச்சு உலகம் முழுவதும் சுற்றியது. இன்றும் சுற்றுகிறது. ஆனால் நாட்டின் கிழக்கு, தெற்கு மாநிலங்களின் மின்கட்டமைப்பை இயக்கும் ஏ.இ.எம்.ஓ. அமைப்பு இருட்டுக்கு முந்தைய இரண்டு நிமிடங்களை நொடி நொடியாகப் பிரித்து, 2017 மார்ச்சில் இறுதி அறிக்கை தந்தது. காற்று கூடுவதும் குறைவதுமான இயல்பு இந்த விபத்துக்கு முக்கியக் காரணம் அல்ல என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் எது காரணம்? எனக்கு இந்த நிகழ்வு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விக்காகத்தான். காற்றையும் வெயிலையும் பெரிய அளவில் சேர்க்க நினைக்கும் எந்த நாடும் இந்த அறிக்கையை ஒரு தடவையாவது பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்று மதியம் கட்டமைப்பு இருந்த நிலை

தெற்கு ஆஸ்திரேலியா தேசிய மின்சந்தையின் மேற்குக் கோடியில் இருக்கும் மாநிலம். அப்போது அதற்கு வெளியுலகத்தோடு இரண்டே இணைப்புகள், இரண்டுமே விக்டோரியா மாநிலத்துக்குப் போகிறவை. பெரியது ஹேவுட் வழியாகப் போகும் மாறுமின் (ஏ.சி.) தடம். மற்றொன்று மரேலிங்க் என்ற நேர்மின் (டி.சி.) தடம்.

அந்த ஆண்டு மே மாதம்தான் போர்ட் அகஸ்டாவில் இருந்த நார்தர்ன் மின்நிலையம் மூடப்பட்டது. மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையம் அது. காற்றும் கூரை சோலாரும் சேர்ந்து ஆண்டு மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் தந்துகொண்டிருந்தன.

புயலுக்குச் சற்று முன் மாநிலத்தின் தேவை 1,826 மெகாவாட். அதில் காற்றாலைகள் 883, எரிவாயு நிலையங்கள் 330, விக்டோரியாவிலிருந்து வந்தது 613. கணக்கு சரியாக இருந்தது, யாருக்கும் பற்றாக்குறை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாநிலத்துக்குள் சுழன்றுகொண்டிருந்த கனமான இயந்திரங்கள் அந்த 330 மெகாவாட்டைத் தந்த சில எரிவாயு அலகுகள் மட்டும்தான்.

இரண்டு நிமிடம்

வடக்கே இரண்டு சுழற்காற்றுகள் இறங்கின. அவற்றின் வேகம் மணிக்கு 190 முதல் 260 கிலோமீட்டர். உயரழுத்தக் கோபுரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. 275 கே.வி. (கிலோவோல்ட்) தடங்கள் மூன்று, அடுத்தடுத்து அறுந்தன.

ஒரு தடத்தில் ஃபால்ட், அதாவது கம்பி தரையையோ இன்னொரு கம்பியையோ தொடுவது போன்ற பழுது, வந்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரிந்ததுதான். பக்கத்து ஊர்வரை விளக்கு ஒரு கணம் மங்கி மீண்டும் எரியும். பிரேக்கர் என்ற தானியங்கி ஸ்விட்ச் ஃபால்ட்டைத் துண்டித்ததும் வோல்டேஜ் திரும்பிவிடும். அப்புறம் அந்த பிரேக்கர் தானாகவே ஒரு முறை மூடிப் பார்க்கும். ஃபால்ட் போயிருந்தால் தடம் பிழைக்கும். கோபுரமே தரையில் கிடந்தால் மறுபடி ஒரு மங்கல்தான். டேவன்போர்ட்டிலிருந்து பெலாலி போகும் தடத்தில் அப்படியே நடந்தது. ஒன்பது நொடி கழித்து மூடிப் பார்த்தது, மறுபடி ஃபால்ட்.

இப்படி இரண்டு நிமிடங்களுக்குள் ஆறு முறை வோல்டேஜ் சரிந்து எழுந்தது. ஒவ்வொரு சரிவையும் காற்றாலைகள் சரியாகவே தாங்கின. வோல்டேஜ் விழும்போது டிரிப் ஆகாமல், அதாவது தானாகத் துண்டித்துக்கொள்ளாமல், ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி, அந்தத் திறன் அவற்றுக்கு இருந்தது. ஆனால் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குள் இன்னொரு எண் இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் இப்படித் தாங்க நேர்ந்தால், இயந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள உற்பத்தியை இறக்கிவிடு என்று சொல்லும் எண். தயாரிப்பாளர் வைத்த பாதுகாப்பு அது. கட்டமைப்பை இயக்குபவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காற்றாலைகளை இணைக்கும்போது கொடுக்கப்பட்ட கணினி மாதிரிகளில் அது இடம்பெறவில்லை.

ஐந்தாவது, ஆறாவது மங்கல்களில் அந்த எண் தாண்டப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த 13 காற்றாலைத் தொகுதிகளில் ஒன்பது, ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியை இறக்கின. ஏழு நொடிக்கும் குறைவான நேரத்தில் 456 மெகாவாட் காணாமல் போனது. அந்த நொடியிலும் காற்று பலமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

இல்லாமல் போன 456 மெகாவாட்டை எங்கிருந்தாவது இழுக்க வேண்டும். ஹேவுட் தடம் இழுத்தது. அதன் மேல் சுமை 850 மெகாவாட்டையும் தாண்டியது. கடைசிக் காற்றாலை இறங்கிய 0.7 நொடியில், தெற்கு ஆஸ்திரேலிய இயந்திரங்களும் விக்டோரிய இயந்திரங்களும் தாளம் தவறுகின்றன என்று கண்டுகொண்ட பாதுகாப்பு ரிலே (மின்னோட்டத்தை அளந்து பிரேக்கருக்கு உத்தரவு தரும் கருவி), தன் வேலையைச் செய்து தடத்தைத் துண்டித்தது. மாநிலம் தனித் தீவாகிவிட்டது. தேவைக்கும் உற்பத்திக்கும் இடையில் ஏறத்தாழ 900 மெகாவாட் பள்ளம்.

அரை நொடிப் பிரச்சினை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதுதான் விஷயத்தின் மையம்.

கிணற்றடியில் ஓடும் பழைய ஆயில் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு அதன் பக்கவாட்டில் இருக்கும் பெரிய இரும்புச் சக்கரம் நினைவிருக்கும். எஞ்சினை நிறுத்தின பிறகும் அந்தச் சக்கரம் தக், தக் என்று பல சுற்று சுற்றித்தான் நிற்கும். சுமை திடீரென்று ஏறினாலும் எஞ்சின் உடனே திணறாது, சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம் அந்த இடைவெளியை நிரப்பும். அனல், நீர், அணு நிலையங்களின் டர்பைனும் ஜெனரேட்டரும் அப்படிப்பட்ட சக்கரங்கள்தான், ஒவ்வொன்றும் பல நூறு டன். 50 ஹெர்ட்ஸ் என்று நம் வீட்டு பிளக்கில் வரும் அதிர்வெண் இந்தச் சக்கரங்கள் சுற்றும் வேகமே. இதை நிலைமம் என்கிறோம்.

உற்பத்தி திடீரெனக் குறைந்தால் அதிர்வெண் விழத் தொடங்கும். எவ்வளவு வேகமாக விழும் என்பதை நிலைமம் தீர்மானிக்கும். நிலைமம் நிறைய இருந்தால் சில நொடிகள் கிடைக்கும். அந்தச் சில நொடிகளில் ரிலேக்கள் சில பகுதிகளுக்குப் போகும் தடங்களை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த ஏற்பாடு இருந்தது. அதிர்வெண் நொடிக்கு 3 ஹெர்ட்ஸ் வரை விழுந்தால் சமாளிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அன்று விழுந்தது நொடிக்கு சுமார் 6 ஹெர்ட்ஸ். அதாவது 50இலிருந்து 47க்கு வர அரை நொடி. ரிலே அளந்து, முடிவெடுத்து, பிரேக்கர் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த எரிவாயு அலகுகளும் காற்றாலைகளும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள டிரிப் ஆகின.

ஆக, காற்றாலை மின்சாரம் "நிலையற்றது" என்பதால் மாநிலம் இருளவில்லை. இரண்டு காரணங்கள் சேர்ந்தன. ஒன்று, யாருக்கும் தெரியாமல் மென்பொருளில் உட்கார்ந்திருந்த ஓர் எண். இரண்டாவது, நிலக்கரி நிலையம் மூடப்பட்டபோது அதன் மெகாவாட்டைக் கணக்கெடுத்தவர்கள், அது சம்பளம் இல்லாமல் செய்துவந்த மற்ற வேலைகளைக் கணக்கெடுக்கவில்லை. நிலைமம் தருவது, வோல்டேஜைத் தாங்குவது, ஃபால்ட் வரும்போது ரிலே அடையாளம் காணும் அளவுக்குக் கரண்டைப் பாய்ச்சுவது, இவை எல்லாம் டர்பைன் சுற்றுவதோடு கூடவே வந்தவை. எந்த பில்லிலும் தனி வரியாக இருந்ததில்லை. இல்லாத வரியை யார் தேடப்போகிறார்கள்?

மீண்டு எழுதல்

முழு மாநிலமும் இருண்டால் முதல் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? ஒரு மின்நிலையத்தைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். அதற்காக இரண்டு நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்து வைத்திருந்தார்கள். இரண்டுமே அன்று கைகொடுக்கவில்லை. ஒன்றில் ஸ்விட்ச் போட்ட வரிசையால் பெரிய அலகைத் தொடங்க முடியவில்லை. மற்றதில் தொடக்கம் கொடுக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டரே தொடங்கிய சில நொடிகளில் பழுதானது. கடைசியில் விக்டோரியாவிலிருந்து ஹேவுட் தடம் வழியாக வந்த மின்சாரத்தைக் கொண்டுதான் படிப்படியாக எழுப்பினார்கள்.

மாலை 7 மணிக்கு முதல் வீடுகளுக்கு விளக்கு வந்தது. நள்ளிரவுக்குள் இணைக்க முடிந்த சுமையில் 80 முதல் 90 சதவீதம் திரும்பிவிட்டது. வடக்கில் கோபுரங்கள் விழுந்த பகுதிகளுக்கு அக்டோபர் 11 வரை ஆனது. ஒலிம்பிக் டேம் சுரங்கம் சுமார் இரண்டு வாரம் முடங்கியது. போர்ட் பிரியில் உலோக உருக்காலையின் உலைக்குள் குழம்பு உறைந்து கட்டியானது. ஒரு மருத்துவமனையில் மாற்று ஜெனரேட்டர் நின்றுபோய், கருத்தரிப்பு மையத்தில் வளர்ந்துகொண்டிருந்த கருக்கள் அழிந்தன. வணிக நிறுவனங்களுக்கு மட்டும் 36.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு என்று மாநில வணிக அமைப்பு ஒன்று கணக்கிட்டது. அந்தக் கருக்களுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. கட்டமைப்பின் நம்பகத்தன்மை என்று நாம் ஒரே சொல்லில் பேசுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன.

திருத்தங்கள்

முதல் திருத்தம் எளிதாகவே முடிந்தது. காற்றாலைகள் தங்கள் மென்பொருளில் அந்த எண்ணை உயர்த்தின. அந்த ஒன்பதும் முன்பே அப்படி வைத்திருந்தால் அன்று மாநிலம் இருண்டிருக்காது என்பது பின்னர் செய்த ஆய்வுகளின் முடிவு. ஓர் எண்ணை மாற்றுகிற வேலை! 2019இல் ஒழுங்குமுறை அமைப்பு நான்கு காற்றாலை நிறுவனத் தரப்புகள் மீது வழக்குப் போட்டது, பின்னர் அபராதங்கள் விதிக்கப்பட்டன. புதிய விதிகளில் அடுத்தடுத்துப் பல முறை வரும் வோல்டேஜ் சரிவுகளைத் தாங்குவதும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

அடுத்தது, உலகமே பேசிய பேட்டரி. 2017 மார்ச்சில் டெஸ்லாவின் ஈலான் மஸ்க், ஒப்பந்தமான 100 நாளில் முடிக்காவிட்டால் பணம் வேண்டாம் என்று ட்விட்டரில் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஜேம்ஸ்டவுன் ஊருக்கு அருகே, ஹார்ன்ஸ்டேல் காற்றாலையை ஒட்டி, நியோன் நிறுவனம் அந்த பேட்டரியை நிறுவியது. 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. 2017 டிசம்பர் 1 அன்று தொடக்க விழா. அந்தக் காற்றாலையும் 2016இல் இறங்கிய ஒன்பதில் ஒன்று.

129 மெகாவாட் மணி மாநிலத்தின் தேவையைச் சில நிமிடங்கள் மட்டுமே தாங்கும், இது ஒரு காட்சிப் பொருள் என்று அப்போது பலர் எழுதினார்கள். பேட்டரியின் வேலையை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 100 மெகாவாட்டில் 70ஐ மாநில அரசு கட்டமைப்பின் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்தது, அதுவும் சில நிமிடங்களுக்குப் போதுமான அளவில். தேவைப்பட்டது வேகம், அரை நொடிக்குள் பதில் சொல்லும் வேகம்.

இரண்டே வாரத்தில் அது தெரிந்தது. டிசம்பர் 14 அதிகாலை, விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் அலகு ஒன்று டிரிப் ஆனது. பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்ன்ஸ்டேல், அதிர்வெண் 49.80க்கு இறங்கும்போதே, நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரம் பாய்ச்சத் தொடங்கியது. பாய்ச்சிய அளவு சில மெகாவாட்தான், ஆனால் ஒப்பந்தப்படி வர வேண்டிய பெரிய நிலையத்துக்கு முன்பே வந்துவிட்டது.

பணமும் மிச்சமானது. முன்பெல்லாம் மாநிலம் தனியாகப் பிரியும் அபாயம் இருந்தால் 35 மெகாவாட் அதிர்வெண் சேவையை, அதாவது அதிர்வெண்ணை 50இல் பிடித்து வைக்கும் வேலையை, உள்ளூரிலேயே வாங்க வேண்டும். அதைத் தருபவர்கள் சில எரிவாயு நிலையங்களே, விலை கண்டபடி ஏறும். பேட்டரி வந்ததும் அந்த ஆதிக்கம் உடைந்தது. முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி டாலர் மிச்சம் என்று ஆரெகான் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. 2020இல் 150 மெகாவாட்டாகப் பெரிதாக்கினார்கள். 2022இல் சுழலும் சக்கரத்தைப் போலவே நடந்துகொள்ளும் வகையில் அதன் இன்வெர்ட்டர்களின் (நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவிகளின்) மென்பொருளை மாற்றி, செயற்கை நிலைமம் தர வைத்தார்கள்.

பேட்டரியைப் புகழ்பவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தியும் உண்டு. 2019 அக்டோபர் 9 அன்று குயின்ஸ்லாந்தின் கோகன் க்ரீக் நிலையம் டிரிப் ஆனபோது, இதே ஹார்ன்ஸ்டேல் தருவதாகச் சொன்ன அளவைத் தரவில்லை. நீதிமன்றம் 9 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இன்வெர்ட்டர் வழியாக வரும் எந்தச் சேவையும் உள்ளே எழுதப்பட்டிருக்கும் அமைப்பைப் பொறுத்தது. அதைப் பார்த்து, சோதித்து, மறுபடி சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது 2016இலும் உண்மை, 2019இலும் உண்மை.

எரியாத டர்பைன்

என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஆனால் செய்திகளில் பெரிதாக வந்ததே இல்லை. மூடிய நிலக்கரி நிலையத்துக்கு அருகே உள்ள டேவன்போர்ட் துணைமின் நிலையத்தில் இரண்டு, ராபர்ட்ஸ்டவுனில் இரண்டு என்று நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்களை எலெக்ட்ராநெட் நிறுவனம் வைத்தது. 2021இல் நான்கும் ஓடத் தொடங்கின. பார்க்க ஜெனரேட்டர் மாதிரியே இருக்கும். ஆனால் அதைச் சுற்ற நீராவியும் இல்லை, எரிவாயுவும் இல்லை. கட்டமைப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், கூடவே ஒரு கனமான இரும்புச் சக்கரம். ஆயில் எஞ்சினில் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டது மாதிரி.

தொழில்நுட்பம் பழையது, நூறு ஆண்டுக்கு முந்தையது. ஆனால் அதனால் கிடைத்த பலன் பெரிது. அதற்கு முன், காற்று எவ்வளவு வீசினாலும் குறைந்தது நான்கு எரிவாயு அலகுகளாவது ஓட வேண்டும் என்று ஏ.இ.எம்.ஓ. உத்தரவு போட்டு வைத்திருந்தது. மின்சாரத்துக்காக இல்லை, அந்தச் சுழற்சிக்காக. காற்றாலைகளை மூடச் சொல்லி எரிவாயுவை எரித்த நாட்கள் ஏராளம். நான்கு கண்டென்சர்களும் வந்த பின் நான்கு அலகுகள் என்பது இரண்டானது, காற்றும் பெரிய சோலார் நிலையங்களும் சேர்ந்து 2,500 மெகாவாட் வரை அனுப்பலாம் என்று வரம்பு உயர்ந்தது. எந்த பில்லிலும் இல்லாத வேலைக்கு முதல் முறையாக ஒரு பெயரும் விலையும் கிடைத்தது என்று இதைப் பார்க்கிறேன்.

கூரைகள் கிளப்பிய புதிய சிக்கல்

ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வரும். தெற்கு ஆஸ்திரேலியாவில் இன்று மூன்று வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் கூரையில் சோலார் இருக்கிறது. இதமான வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏ.சி. தேவைப்படாத வசந்த காலம் என்றால், கூரைகளே மாநிலத்துக்குப் போதும். 2023 டிசம்பர் 31 அன்று பெரிய நிலையங்களிடமிருந்து மாநிலம் கேட்ட மின்சாரம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. கூரைகள் தந்தது மாநிலத்தின் மொத்தத் தேவையைவிட அதிகம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு இது கவலை. முன்பெல்லாம் அந்தக் கூரைகளில் ஒன்றையும் அவரால் பார்க்கவோ குறைக்கவோ முடியாது. அந்த நேரத்தில் ஹேவுட் தடம் போனால் மிஞ்சும் மின்சாரத்துக்குப் போக இடம் இல்லை. இந்த நிலை வரும் என்று எதிர்பார்த்து முன்னதாகவே, 2020 செப்டம்பர் 28 முதல், இருட்டு வந்து சரியாக நான்காம் ஆண்டு நாளில், புதிதாக வைக்கும் ஒவ்வொரு கூரை சோலாரையும் அவசரத்தில் தொலைவிலிருந்து நிறுத்த வசதி இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, அது முதல் முறையாகப் பயன்பட்டது.

பழைய இன்வெர்ட்டர்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்கு விநியோக நிறுவனம் இன்னொரு வழி வைத்திருந்தது. துணைமின் நிலையத்தில் வோல்டேஜைச் சற்று உயர்த்திவிட்டால், வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. கடன் வாங்கிக் கூரையில் பலகை வைத்தவரிடம் சொல்லாமல் அவர் இயந்திரத்தை ஏமாற்றி நிறுத்துவது அது. அப்புறம் வந்த ஏற்பாடு எவ்வளவோ மேல். புதிய வாடிக்கையாளர் எப்போதும் 1.5 கிலோவாட் மட்டும் வெளியே அனுப்பலாம், அல்லது இணையம் வழியாகக் கட்டமைப்பு சொல்வதைக் கேட்க ஒப்புக்கொண்டு 10 கிலோவாட் வரை அனுப்பலாம். எது வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கிறார். நெரிசல் இருக்கும் சில மணி நேரம் குறைத்துக்கொண்டு மற்ற நேரமெல்லாம் முழுசாக அனுப்புகிறார்.

மீண்டும் ஒரு புயல்

2022 நவம்பர் 12, சனிக்கிழமை மாலை. மறுபடி கடும் புயல். டெய்லம் பெண்ட் ஊருக்கு அருகே ஹேவுட் தடத்தின் கோபுரம் ஒன்று விழுந்தது. விக்டோரியாவோடு இருந்த மாறுமின் இணைப்பு அறுந்தது, ஆறு ஆண்டு முன்பு போலவே மாநிலம் தனித் தீவானது.

தெருக்களில் மரம் விழுந்து கம்பிகள் அறுந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனது. ஊழியர்கள் நாட்கணக்கில் மழையில் கம்பம் ஏறினார்கள். ஆனால் கட்டமைப்பு நின்றது. காற்றாலைகள் ஓடின, எரிவாயு அலகுகள் ஓடின, பேட்டரிகள் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தின, நான்கு சக்கரங்களும் சுற்றிக்கொண்டே இருந்தன. மதியங்களில் கூரை சோலாரைக் குறைத்தும் பின்பு விட்டும் ஒரு வாரம் ஓட்டினார்கள். தற்காலிகக் கோபுரம் எழுப்பி நவம்பர் 19 அன்று விக்டோரியாவோடு மறுபடி இணைத்தபோது, அடிலெய்டில் பலருக்குத் தாங்கள் ஒரு வாரம் தீவில் இருந்ததே தெரிந்திருக்காது.